தாய் வளைந்து நடந்த இடம்: லாங்டாங் பயணக் குறிப்புகள்

நாள் 1: காத்மாண்டு முதல் சியாப்ருபேசி வரை

சித்திரைக் கனியில் கண் விழிக்க வேண்டிய நாள். இந்த வருஷம் அது விடிந்தது காத்மாண்டு மச்சாபோக்ரி பஸ் நிறுத்தத்தில், ஒரு கோழிக்கூடைக்குப் பக்கத்தில். அக்கா கைப்பையைத் துழாவி, கோயம்புத்தூரிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த ஒரே ஒரு மாம்பழத்தை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள். "கனி பாத்தாச்சு. ஏறு பஸ்ல."

நேபாளத்துக்கும் இன்றுதான் வருஷப் பிறப்பு. வைசாக் 1. அவர்கள் ஆண்டுக் கணக்கு ஆங்கில ஆண்டைவிட 57 முன்னால் ஓடுகிறது, கடிகாரம் நம்முடையதைவிடக் கால் மணி நேரம் முன்னால். மற்றபடி அவர்கள் வைசாகும் நம் சித்திரையும் கைகோத்துக்கொண்டு வருவது இதுவரை எனக்குத் தெரியாது.

டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் டீலக்ஸ் பஸ் என்று சொல்லியிருந்தார். ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி இருந்தால் டீலக்ஸ் போலிருக்கிறது. தூரம் 120 கிலோமீட்டர் சொச்சம், ஆன நேரம் எட்டரை மணி. திரிசூலிப் பள்ளத்தாக்கில் இறங்கி மறுபடி ஏறும்போது, பாதை ஒரு சரிவில் இருந்தது. சில இடங்களில் சரிவே பாதையாக இருந்தது. பின் சீட்டில் மூன்று பேர் வாந்தி. அக்கா மட்டும் சாய்ந்து தூங்கினாள். பாலக்காட்டுப் பக்கம் முப்பது வருஷம் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவள்.

எங்கள் வழிகாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பதை ஒட்டிய வயது. நாங்கள் நடந்து ஏறப்போகும் லாங்டாங் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே இல்லை, 'தாய்' என்று கூப்பிடச் சொன்னார். நேபாளியில் அண்ணன் என்றால் தாய். எங்களைவிட இருபது வயது சின்னவர்தான், ஆனால் வழிகாட்டிக்கு அந்த மரியாதை உண்டாம். சுமை தூக்கி வரும் பையன் 'பாய்', அதாவது தம்பி. அக்கா சத்தம் போட்டுச் சிரித்தாள். "மீசை வெச்ச தாயை இப்பத்தான் பாக்கறேன்." தாய்க்கு என்ன விஷயம் என்று விளக்க, இந்தி மத்யமா தேர்வு பாஸ் செய்த என் மொத்தத் திறமையும் செலவாயிற்று. அவர் ரசித்தார். எங்களுக்கு அவர் வைத்த பெயர் 'டூலி தீதி', 'சானி தீதி'. பெரியக்கா, சின்னக்கா.

துன்சேயில் ராணுவச் சோதனை. பையைத் திறந்து பார்த்தார்கள், அக்காவின் பருப்புப்பொடி டப்பாவை முகர்ந்து பார்த்தார்கள், மூடிக் கொடுத்தார்கள். லாங்டாங் தேசியப் பூங்கா நுழைவுச் சீட்டு சார்க் நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாய். அவர்களின் 1.60 நமக்கு ஒரு ரூபாய் என்று மனசிலேயே வகுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

சியாப்ருபேசி ஒரே ஒரு தெரு. இரண்டு பக்கமும் விடுதிகள், நடுவில் திபெத் எல்லைக்குப் போகும் லாரிகள். உயரம் 1,500 மீட்டருக்குச் சற்றுக் கீழே. இரவெல்லாம் போடேகோசி ஆற்றின் சத்தம்.

நாள் 2: சியாப்ருபேசி முதல் லாமா ஹோட்டல் வரை

லாமா ஹோட்டல் என்பது ஓர் ஊரின் பெயர். முதலில் அந்தப் பெயரில் ஒரு விடுதி இருந்தது, பிறகு சுற்றிலும் நாலு விடுதிகள் வந்தன, ஊருக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது என்கிறார் தாய். நம் ஊரில் 'பவர் ஹவுஸ்' என்று பஸ் ஸ்டாப் இருப்பதுபோல.

காலை ஏழரைக்கு நடை. தொங்கு பாலம், அப்புறம் ஆற்றை ஒட்டியே ஏற்றம். கீழே போடேகோசியோடு சேர வரும் லாங்டாங் கோலாதான் இனிமேல் எங்கள் துணை. 'கோலா' என்றால் ஓடை. யானையை உருட்டிவிடும் வேகத்தில் வரும் ஒன்றை ஓடை என்கிறார்கள்.

மருதமலைப் படிக்கட்டில் வாரம் மூன்று நாள் வீதம் நாலு மாதம் ஏறிப் பழகினோம். அந்தப் பழக்கம் சரியாகப் பதினொரு மணி வரை கைகொடுத்தது. பைரோ என்ற இடத்தில் (பைரோ என்றால் மண்சரிவு, பெயரைக் கேட்டதும் அக்கா மேலே பார்த்தாள்) எதிர்ப்பக்கப் பாறைச் சுவரில் கறுப்பு கறுப்பாகத் தட்டுகள் தொங்கின. பெருந்தேன் கூடுகள். இமயத்துத் தேனீ நம் மலைத்தேனீயைவிடப் பெரிசு. கயிற்றில் தொங்கிக்கொண்டு தேன் எடுப்பார்கள் என்று தாய் சொன்னபோது, நீலகிரியிலும் அப்படித்தான் எடுப்பார்கள் என்று சொன்னேன். நம்பாததுபோல் பார்த்தார். அவருக்குத் தென்னிந்தியா என்றால் தென்னை மரமும் கடலும் மட்டும்.

பாய் சுமக்கிற விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் இரண்டு பைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, அடியில் ஒரு பட்டையைக் கொடுத்து, அந்தப் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொள்கிறான். 'நாம்லோ' என்று பெயர். தோளில் எதுவும் இல்லை. மொத்த எடையும் தலையில் இறங்கிக் கழுத்து வழியாக முதுகெலும்புக்குப் போகிறது. 18 கிலோ. அவன் அதை எடை என்றே சொல்லவில்லை. நெற்றியில் பட்டை பதியும் இடத்தில் தோல் கொஞ்சம் பளபளப்பாக இருக்கிறது. பையில் என்னென்ன வைத்தோம் என்று மனசுக்குள் பட்டியல் போட்டேன். ஹேர் டிரையர். வெட்கமாக இருந்தது.

பாம்பூ என்ற இடத்தில் மதியச் சாப்பாடு. பேருக்கேற்ப மூங்கில் காடு. அக்காவின் வலது முட்டி அங்கேயே முனக ஆரம்பித்துவிட்டது. பாய் ஒன்றும் சொல்லாமல் காட்டுக்குள் போய், காய்ந்து கிடந்த மூங்கிலில் ஒன்றைத் தேர்ந்து, அரிவாளால் கணுவைச் சீவி, அக்காவின் நெஞ்சு உயரத்துக்கு அளந்து வெட்டிக் கொடுத்தான். அக்கா அதை உருட்டி உருட்டிப் பார்த்தாள். மாமா வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏறிக் கொண்டுவந்த தடிகள் அவள் வீட்டுக் கதவு மூலையில் ஒரு கட்டாக நிற்கின்றன. அந்த மலைக்கு வயசுப் பெண்கள் போவதில்லை. போகலாம் என்ற வயசு வந்தபோது அவளுக்கு முட்டி வந்துவிட்டது. "இது என்னோட தடி" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

கடைசி ஏற்றம் ரிம்சே. தாயின் வாயிலிருந்து இன்று ஐம்பது தடவையாவது வந்த சொல் 'பிஸ்தாரை'. மெதுவாக என்று பொருள். "பிஸ்தாரை, பிஸ்தாரை." எனக்குப் பசியில் பிஸ்தா ஐஸ்கிரீம் ஞாபகம்தான் வந்தது.

சாயங்காலம் விடுதி முற்றத்தில் வெள்ளை முகத்தோரம் கொண்ட லங்கூர் குரங்குகள் கூட்டமாக. உயரம் சுமார் 2,400 மீட்டர். தொட்டபெட்டா 2,637. நாளைக் காலை டீ குடித்துவிட்டு நடந்தால் பத்து மணிக்குள் தமிழ்நாட்டின் உச்சியைத் தாண்டிவிடுவோம்.

நாள் 3: லாமா ஹோட்டல் முதல் லாங்டாங் வரை

காலையில் காடெல்லாம் சிவப்பு. லாலிகுராஸ் பூத்திருக்கிறது. நேபாளத்தின் தேசியப் பூ. ஊட்டிச் சோலைக்காட்டில் இருப்பதும் இதே இனம்தான், ஆனால் இங்கே ஒவ்வொரு மரமும் கோயில் தேர்மாதிரி நிற்கிறது. கோடா தபேலா வந்ததும் காடு சட்டென்று விலகி, பள்ளத்தாக்கு அகலமாகத் திறந்துகொண்டது. கோடா தபேலா என்றால் குதிரை லாயம். இங்கே ராணுவச் சாவடி இருக்கிறது, சீட்டைப் பார்த்தார்கள். 3,000 மீட்டர்.

மதியம் தாங்ஷ்யாப்பில் திண்டோ சாப்பிட்டோம். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கிண்டிக் கட்டியாக்கியது. ஆமாம், களியேதான். அக்கா உருட்டி, குழி செய்து, பருப்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினாள். விடுதிக்காரப் பெண் கைகொட்டிச் சிரித்தாள். வெளிநாட்டுக்காரர்கள் அதை ஸ்பூனால் சாப்பிடுவார்களாம்.

அதுவரை நல்ல நாள்.

சாம்கி தாண்டியதும் பாதை ஒரு கல்வெளிக்குள் இறங்கியது. முதலில் ஆற்றுப்படுகை என்று நினைத்தேன். சாம்பல் நிறக் கற்கள், மணல், வீடளவு பாறைகள். எதிர்ச் சரிவில் மரங்களே இல்லை, புதர்தான். அகலமாக, இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனையில் நடக்கும் ஆள் சின்னப் பொம்மையாகத் தெரியும் அளவுக்கு. நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். லாங்டாங் எங்கே, எவ்வளவு தூரம் என்று தாயிடம் கேட்டேன்.

"இதுதான் லாங்டாங்" என்றார்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, பகல் 11:56. அந்த நிலநடுக்கத்தின் அளவு 7.8. நேபாளம் முழுக்கக் கிட்டத்தட்ட 9,000 பேர் போனார்கள். அன்று நான் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். காத்மாண்டுவில் தரஹரா கோபுரம் இருந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். லாங்டாங் என்ற பெயரைக் கேட்ட ஞாபகமே இல்லை. இங்கே தலைக்கு மேலே நிற்கும் லாங்டாங் லிருங் 7,227 மீட்டர். அதன் உயரச் சரிவுகளில் இருந்த பனியும் பனிப்பாறையும் கல்லும் குலுங்கிப் பெயர்ந்து மொத்தமாக இறங்கின. ஊர் அடியில் போயிற்று. அது தள்ளிக்கொண்டு வந்த காற்று எதிர்ச் சரிவில் இருந்த காட்டைப் படுக்கவைத்துவிட்டது. புதர்தான் என்று நான் பார்த்தது அந்தக் காடு இருந்த இடம். ஊர்க்காரர்கள், வெளிநாட்டுப் பயணிகள், வழிகாட்டிகள், சுமை தூக்குவோர், எல்லாம் சேர்த்துச் சுமார் 300 பேர். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. இப்போது நாங்கள் நிற்கிற கல்லுக்கு அடியில்தான் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு கட்டடம் நிற்கிறது. செங்குத்துப் பாறைச் சுவரின் குடைவுக்குள் ஒட்டிக்கொண்டிருந்ததால் எல்லாம் அதன் மேலே தாவிப் போய்விட்டதாம்.

போனைப் பைக்குள் போட்டேன். எடுத்த படத்தை அழிக்கவா வேண்டாமா என்று இந்த நேரம் வரை தெரியவில்லை.

தாய் முன்னே நடந்தார். வழக்கமாக அரட்டை அடித்துக்கொண்டே வருபவர் வாயைத் திறக்கவில்லை. பாதை அங்கே நேர்கோடாகப் போகிறது, பல வருஷக் கால்கள் போட்ட தடம் தெளிவாகத் தெரிகிறது. ஓர் இடத்தில் அவர் அந்தத் தடத்தை விட்டு இடப்பக்கம் விலகி, பத்துப் பதினைந்து அடி தள்ளி வளைந்து சுற்றி, மறுபடி தடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே குழி இல்லை, பாறை இல்லை. வெறும் மணலும் பொடிக்கல்லும். நான் நேராகத்தான் நடந்தேன். பின்னால் வந்த அக்காவும் பாயும் எப்படி வந்தார்கள் என்று கவனிக்கவில்லை.

புது லாங்டாங் கல்வெளியைத் தாண்டிச் சற்று மேலே இருக்கிறது. நீலத் தகரக் கூரைகள், எல்லாம் விடுதிகள், எல்லாம் புதுசு. இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சுவர் ஒன்று இருக்கிறது. பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரே வீட்டுக்காரர்கள் என்று தெரியும்படி அடுத்தடுத்து வந்தன.

ராத்திரி குளிர். இரண்டு ரஜாய். அக்கா தூங்கவில்லை என்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது.

நாள் 4: லாங்டாங் முதல் கியாஞ்சின் கோம்பா வரை

இன்று மூன்று மணி நேர நடைதான். வழியெல்லாம் மணிச் சுவர்கள். 'ஓம் மணி பத்மே ஹூம்' செதுக்கிய பலகைக் கற்களை அடுக்கி இடுப்புயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். நேபாளத்தின் மிக நீளமான மணிச் சுவர்களில் ஒன்று இது. சுவர் நம் வலக்கைப் பக்கம் வரும்படி நடக்க வேண்டும். கோயிலை வலம் வருகிற கணக்குத்தான், அதனால் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குறுக்கு வழி என்று வலப்பக்கம் போன ஒரு வெளிநாட்டு ஜோடியை அக்கா "நோ நோ, லெஃப்ட் லெஃப்ட்" என்று கூவித் திருப்பினாள். ஓடைத் தண்ணீரில் சுற்றும் ஜெபச் சக்கரங்களும் உண்டு. கையால் உருட்ட ஆள் இல்லாத நேரத்திலும் தண்ணீர் ஜெபித்துக்கொண்டே இருக்கிறது.

கங்சென்போ சிகரம் எதிரே. வெள்ளை வேட்டியைக் கொசுவி மடித்து நட்டக்குத்தலாக நிறுத்தியதுபோலக் கோடு கோடாக இருக்கிறது. 1949இல் வந்த ஆங்கிலேயர் டில்மன், புல்லாங்குழல் சிகரம் என்று நாம் நினைத்துக்கொள்ளும்படி 'ஃப்ளூட்டட் பீக்' என்று பெயர் வைத்தார். அவர் சொன்னது குழலை அல்ல, மடிப்பை. வேட்டி கட்டத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் சரியாக வைத்திருப்பார்.

கியாஞ்சின் 3,870 மீட்டர். மதியம் மூன்று மணிக்கு நெற்றிப்பொட்டில் ஓர் ஆணி. வெளியே சொல்லவில்லை. நாளை செர்கோ ரி ஏற வேண்டும், 4,984 மீட்டர், நாலு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது அந்த எண்ணைத்தான். அக்காவுக்கு முட்டி வலி, அவள் விடுதியில் இருக்கட்டும், நான் தாயோடு போய்வருகிறேன் என்று திட்டம்.

சாயங்காலம் தாய் விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் மீட்டரை எடுத்தார். கொரோனா சமயத்தில் எல்லார் வீட்டிலும் இருந்ததே, அதுதான். அக்காவுக்கு 88. எனக்கு 79.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பூண்டு சூப் சொல்லிவிட்டார்.

நாள் 5: கியாஞ்சின், அடுப்படி

ராத்திரி இரண்டு தடவை வாந்தி. விடிகாலை நாலரைக்குத் தாய் கதவைத் தட்டியபோது நான் எழுந்து பூட்ஸ் லேஸைக் கட்டப் பார்த்தேன். லேஸ் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. தாய் குனிந்து, கட்டிய லேஸை அவிழ்த்துவிட்டார். நல்ல மரியாதையோடு, ஒரு குழந்தைக்குச் செய்வதுபோல. "இன்னிக்கு மேலே வேண்டாம், சானி தீதி. மத்தியானத்துக்குள்ள சரியாகலைன்னா கீழே இறங்கிடுவோம்." உயர நோய்க்கு மருந்து இறங்குவதுதான், மாத்திரையெல்லாம் அதற்கு அப்புறம்.

அக்கா கேட்டாள்: "அப்ப நான் போகட்டுமா?"

முட்டிக்காரி. ஐம்பத்தாறு வயசு. செர்கோ ரி வேண்டாம், கியாஞ்சின் ரியின் முதல் மேடு வரை போகலாம், சுமார் 4,400 மீட்டர் என்று தாய் சொன்னார். தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்கு வந்த பொறாமையை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துவிடக்கூடாது.

ஆகவே நான் இன்று பார்த்த இமயம் ஓர் அடுப்படி. விடுதிக்கார அம்மாள் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பி, அடுப்போரம் உட்காரவைத்தாள். தகர அடுப்பு, நடுவில் புகைக்குழாய், எரிவது விறகும் காய்ந்த சாணமும். சாண வறட்டி வாசனையில் தலைவலி பாதி குறைந்தது. பாட்டி வீட்டு வாசனை. வெண்ணெய் டீ கொடுத்தாள். உப்பு போட்டது. டீ என்று நினைத்துக் குடித்தால் குமட்டும், ரசம் என்று நினைத்துக் குடித்தால் இறங்கிவிடும். இரண்டாவது கிண்ணத்தை நானே கேட்டு வாங்கினேன்.

இங்கே 1950களிலேயே சுவிஸ்காரர்கள் உதவியோடு சீஸ் தொழிற்சாலை வந்துவிட்டது. யாக் சீஸ் என்று ஊரெல்லாம் பெயர். அதைச் சொன்னதும் அம்மாள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. யாக் என்றால் ஆண். பால் கறக்க வேண்டுமானால் 'நாக்' வேண்டும், இல்லாவிட்டால் யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த 'சௌரி'. காளை மாட்டில் பால் கறந்த கதை தமிழிலும் உண்டு என்று சொல்ல ஆசைதான், மத்யமா இந்தி அவ்வளவு தூரம் வரவில்லை. ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். கெட்டியாக, கொஞ்சம் காரமாக, கடைசியில் புல் வாசம்.

தாயைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளாகத்தான் ஆரம்பித்தாள். வைசாக் 12 என்றாள், ஏப்ரல் 25 என்று சொல்லவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எங்கள் கணக்கில் சித்திரை 12. அன்று ஊரில் ஒரு பெரியவருக்கு 'கேவா'. நம் கருமாதி மாதிரி, இறந்தவருக்காக ஊர் கூடிச் செய்யும் சடங்கு. அதற்காக மேலேயும் கீழேயும் இருந்து சனங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். வந்தவர்கள் போனார்கள். மாட்டோடு மேய்ச்சலில் நின்றுவிட்டவர்கள், காத்மாண்டுவில் வேலையாக, படிப்பாக இருந்தவர்கள் மிஞ்சினார்கள். மிஞ்சியவர்களை ஹெலிகாப்டரில் காத்மாண்டு கொண்டுபோய், சுயம்புநாத் பக்கத்தில் ஒரு மடத்து வளாகத்தில் மாதக்கணக்கில் தார்ப்பாய்க்கு அடியில் வைத்திருந்தார்கள். இவளும் அங்கே இருந்தவள்தான். "அங்கே கொசு" என்றாள். இத்தனை நடந்ததில் அவள் குறை சொன்னது அந்தக் கொசுவை மட்டும்.

பதினோரு மணிக்கு அக்கா திரும்பினாள். முகம் செக்கச்செவேல். மேலே என்ன பார்த்தாய் என்றேன். "எல்லாம்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. படங்களைக் காட்டினாள். இருபத்திரண்டில் பதினெட்டு அவள் கட்டை விரல்.

மத்தியானம் மீட்டரில் 84. இறங்க வேண்டிய அவசரம் இல்லை, ஆனால் ஏறவும் கிடையாது.

நாள் 6: கியாஞ்சின் முதல் லாமா ஹோட்டல் வரை

இரண்டு நாள் ஏறியதை ஒரே நாளில் இறங்குகிறோம். மூச்சு இலவசமாகக் கிடைக்கிறது, முட்டிதான் கட்டணம் கேட்கிறது. அக்கா தடியை ஊன்றி ஊன்றிப் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குகிறாள்.

பத்து மணிக்கு மறுபடியும் கல்வெளி. இந்த முறை தாய் பேசினார். நிலநடுக்கத்தன்று அவர் காத்மாண்டுவில், பரீட்சைக்குப் படித்துக்கொண்டு. மூன்று மாதம் கழித்துத்தான் இங்கே நடந்து வர முடிந்தது. வந்து பார்த்தால் எது எங்கே என்றே தெரியவில்லை, ஊருக்குள் வழி தவறிவிட்டது.

"அந்தப் பாறையும் அந்த ஒத்தை வீடும்தான் அடையாளம்" என்று தடியால் காட்டினார். "அந்த வீட்டு வாசல்லேர்ந்து எங்க மாமா வீட்டுக்கு எத்தனை அடின்னு சின்ன வயசுல ஓடின கால் கணக்கு இருக்கே. கண்ணை மூடிக்கிட்டு அதே மாதிரி நடந்து பார்த்தேன். நாலஞ்சு தடவை. ஒவ்வொரு தடவையும் இதே இடத்துல வந்து நின்னுச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இடத்துக்கு வந்துவிட்டிருந்தோம். தடம் நேராகப் போகிறது. அவர் விலகினார், இந்த முறை வலப்பக்கம், ஏனென்றால் திரும்பி வருகிறோம். ஒரு சுவரை ஒட்டி நடப்பதுபோலத் தோளைக்கூடக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டார். மூலை வந்ததும் திரும்பினார்.

"தடம் அப்படிப் போகுதே?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"யாராவது வீட்டுக்கு நடுவுல புகுந்து நடப்பாங்களா, தீதி?"

எனக்கு முன்னால் அக்கா போய்க்கொண்டிருந்தாள். தடியை ஊன்றி, அதே வளைவில், அதே மூலையில் திரும்பி. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. போகும்போதே அப்படித்தான் நடந்தாளாம். முட்டி வலிக்காரி, முன்னே போகிறவர் கால் வைத்த இடத்தில்தான் கால் வைப்பேன் என்றாள்.

நானும் சுற்றிக்கொண்டுதான் வந்தேன்.

கோடா தபேலாவில் மழை. லாமா ஹோட்டலுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. தால் பாத், இரண்டு தடவை மறுசோறு. குண்ட்ருக் என்று புளிக்கவைத்த கீரை, பருப்புப்பொடி போட்டுப் பிசைந்தால் அமிர்தம். பாய் பொடியை நக்கிப் பார்த்துவிட்டு டப்பாவை மூட மறந்துவிட்டான். டப்பாவோடு கொடுத்துவிட்டோம்.

நாள் 7: சியாப்ருபேசி

இறங்கினோம். வெயில். முட்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்று அக்கா உத்தரவு.

பாயிடம் ஹேர் டிரையரை அவன் தங்கைக்கு என்று கொடுத்தேன். வாங்கிப் பார்த்து, அவர்கள் ஊர் மின்சாரத்தில் இது ஓடாது என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்தான். ஏழு நாள் சுமந்தவன், தராசில் நிறுத்துப் பார்ப்பதுபோல ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டான்.

நாள் 8: காத்மாண்டு

பஸ்ஸுக்குள் தடியைக் கொண்டுவரக்கூடாது என்றார் நடத்துனர். அக்கா தமிழில் சண்டை போட்டாள், அவர் நேபாளியில். கடைசியில் கூரையில் இரண்டு ஆடுகளுக்கும் ஒரு காஸ் சிலிண்டருக்கும் நடுவே கட்டினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அக்கா இறங்கி அண்ணாந்து பார்த்தாள். துன்சேயில் ஒரு தடவை, காலிகாஸ்தானில் ஒரு தடவை, டீக்கடையில் ஒரு தடவை. ஆடுகள் திரிசூலியில் இறங்கிவிட்டன. தடி வந்து சேர்ந்தது.

தாய் எங்களை விடுதி வாசல் வரை கொண்டுவந்து விட்டார். மறுநாள் காலையிலேயே வேறொரு குழுவோடு திரும்ப அங்கேதான் போகிறாராம். பதினோரு நாள் பயணம். கணக்குப் பார்த்தால் வைசாக் 12 அன்று அவர் மேலேதான் இருப்பார்.

நாளை விமானம். இவ்வளவு நீளத் தடியைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள், லக்கேஜில் போட வேண்டும், போட்டால் ஒடியும் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா கீழே தெருவில் இறங்கிப் போய், ஒரு கம்பளக் கடையில் கம்பளம் சுற்றி வரும் நீள அட்டைக்குழாய் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். தடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. என் கம்பளிச் சாக்ஸைக் கேட்கிறாள்.